பால் பல் சொத்தை, போர்வெல் தண்ணீர்: தர்மபுரிப் பக்கத்துப் பெற்றோருக்கு

எங்கள் மாவட்டத்துக் குழந்தைகளுக்கு வாயில் இரண்டு தொல்லை. போர்வெல் தண்ணீரில் மிஞ்சிக் கிடக்கும் ஃபுளோரைடால் வரும் கறை ஒன்று. ராத்திரிப் பாலாலும் இனிப்பாலும் வரும் சொத்தை இன்னொன்று. "நம்ம தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, சொத்தை விழாது" என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள், ஒரே வாயில் இரண்டும் வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து வைத்தியம் செய்துகொண்ட வழியை எழுதுகிறேன்.

முதலில் வீட்டிலேயே பார்க்க வேண்டும். பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். எச்சில் ஈரம் இருந்தால் கண்ணுக்கே படாது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் துளையிடாமலே பல்லைத் தேற்றலாம். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். அவை நன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஃபுளோரைடு கறை வேறு மாதிரி: இடம் வலம் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையான பற்களில், குறுக்கு வரிகளாக அல்லது திட்டுகளாக, பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேல் முளைக்கும் நிலையான பற்களில் வரும். இரும்புச்சத்து டானிக் குடிக்கும் பிள்ளைக்குப் பல்லில் கருப்பு படிவதும் உண்டு. அது சொத்தை இல்லை, டாக்டர் சுத்தம் செய்தால் போய்விடும்.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசி, ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சாதாரண வடிகட்டியும் உதவாது, ஆர்.ஓ. போல ஃபுளோரைடை நீக்கும் கருவி வேண்டும். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில், அதைப் பிடித்து வைத்துக் குடிக்க மட்டுமல்ல, சோறு, குழம்பு, கஞ்சி எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: குடிக்க நல்ல தண்ணீர், உலை வைக்கப் போர்வெல் தண்ணீர் என்று பிரித்துவிடுகிறார்கள். அரிசி அந்த ஃபுளோரைடையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்கிறது.

சொத்தையைத் தடுக்கப் பேஸ்ட்டில் சேர்க்கும் ஃபுளோரைடைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) பேஸ்ட் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதாவது சுமார் 0.1 கிராம், மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு, சுமார் 0.25 கிராம். இரண்டு வேளையும் பட்டாணி அளவு வைத்து மொத்தமாக விழுங்கினாலும் 0.5 மில்லிகிராம்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 2 மில்லிகிராம் உள்ளே போகிறது. முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரை. தண்ணீர் ரிப்போர்ட்டைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள், எந்த பேஸ்ட் என்பதை அவர் அதை வைத்துச் சொல்வார். பிள்ளைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

டாக்டரிடம் போனதும் எக்ஸ்ரே எடுத்து, சொத்தை எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். வெள்ளைக் கோடு மட்டும் என்றால் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் தடவுவார்கள். தடவிய அன்று கடினமான, சூடான எதுவும் வேண்டாம்; மறுநாள் காலைதான் பல் தேய்க்க வேண்டும். பல் மஞ்சளாகத் தெரியும், தேய்த்ததும் போய்விடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். நாற்காலியில் உட்காரவே மறுக்கும் குழந்தைக்குச் சொத்தையை அப்படியே நிறுத்தி வைக்க 38 சதவீத சில்வர் டையமின் ஃபுளோரைடு உண்டு. சொத்தை பட்ட இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும்.

நரம்பு வரை போய்விட்டால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சைதான். "விழப்போற பல்லுதானே, பிடுங்கிடலாம்" என்ற பேச்சு வீட்டில் கட்டாயம் வரும். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் இடம் காக்கும் கம்பி வளையம் போடுவார்களா என்று கேளுங்கள். பால் பல் வேரில் நிரப்பும் மருந்து, வேரோடு சேர்ந்து கரையக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சா வைத்தால் அது கரையாது, கீழிருந்து வரும் பல்லுக்குத் தடையாகும்.

மரத்துப்போகும் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடு உணர்வில்லாமல் இருக்கும். பிள்ளை விளையாட்டாக அதைக் கடித்து மென்று, மறுநாள் உதடு வீங்கிப் புண்ணாகிவிடும். பார்க்கச் சீழ் பிடித்ததுபோல வெள்ளையாக இருந்தாலும் பெரும்பாலும் அது கடித்த காயம்தான். அந்த நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து கவனியுங்கள், மரப்பு தெளியும் வரை சாப்பிடக் கொடுக்காதீர்கள். வேர் சிகிச்சை செய்த பல்லின் மேல் எவர்சில்வர் கேப் (உறை) போட்ட சில நாள் கடி உயர்ந்ததுபோல் இருக்கும், தானே சரியாகும். ஒட்டும் மிட்டாய் கேப்பைக் கழற்றிவிடும். கழன்றால் தூக்கிப்போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டுவார்கள். வலிக்கிறதென்று கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றினால் ஈறு வெந்துபோகும். ஈறில் கொப்புளம் வந்து மாத்திரையில் அடங்கினாலும் பல்லுக்குள் இருக்கும் கிருமி போவதில்லை, திரும்ப வரும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலும், காய்ச்சலோடு விழுங்கக் கஷ்டப்பட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராத்திரி பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால், பால் புட்டியோடு படுக்கும் பிள்ளையின் பல்லை, வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அரித்துக்கொண்டே இருக்கும். இருமல் சிரப்பிலும் சர்க்கரை உண்டு. கொடுத்தபின் வாயைத் துடைத்துவிடுங்கள். ஆறேழு வயது வரை பெரியவர் கையால்தான் தேய்க்க வேண்டும். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் மேல்பள்ளங்களை அடைக்கும் சீலன்ட், பல் முழுதும் வெளியே வந்து உலர வைக்க முடிகிற நிலையில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, பெயர்ந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.