அம்மாவைக் கேட்டார்கள், ஐயர் பதில் சொன்னார்

நான் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் பேச்சு இத்தனை காலம் கழித்து ஏன் உறுத்திக்கொண்டிருக்கிறது என்பது விளங்கவில்லை.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவன். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். ஓர் ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள் சேர்ந்தது சேகரம்; அதன் கமிட்டி எப்படி நடக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அசனம் என்கிற சபை விருந்தின் கணக்கு. அரிசி, ஆடு, கத்திரிக்காய், விறகு என்று பொருளாளர் வாசித்துக்கொண்டே வந்து தேங்காயில் நின்றார். கொடுத்தவர்கள் பட்டியலும் உடைத்த கணக்கும் ஒத்துவரவில்லை. அவர் பென்சிலால் வரிவரியாகத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முந்தின ஐயரம்மா இருந்தபோது பெண்கள் ஐக்கிய சங்கம் வாரம் தவறாமல் நடந்தது. இப்போது நாலு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டு எழுந்து போகிறார்கள். நம் அம்மா சனிக்கிழமை வருகிறார்கள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். குருமனை வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது.”

குருமனை என்பது ஐயருக்குச் சபை கொடுக்கும் வீடு. நான் உள்ளே குடியிருக்கும்போது அது எப்படிப் பூட்டிக் கிடக்கும் என்று கேட்டிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், பேச்சு அதோடு போயிருக்கும். நான் சொன்னது வேறு. “நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது என்னை. என் மனைவிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காத இடத்தில் கேட்கவும் கூடாது.”

“சம்பளம் திருமண்டலம் தருகிறது ஐயா. நாங்கள் சங்கக் காணிக்கைதான் கட்டுகிறோம்” என்றார் அவர் மெதுவாக. திருமண்டலம் என்பது பேராயரின் கீழ் இருக்கும் எங்கள் நிர்வாகம். பொருளாளர் மறுபடியும் தேங்காய்க்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். சத்தம் இல்லை, யாரும் எழுந்து வெளியே போகவில்லை. ஜெபம் சொல்லி முடித்து, காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

என் மனைவி பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. திருமண்டலப் பள்ளி என்றால் நிர்வாகத்திடம் சொல்லி என் மாற்றலோடு சேர்த்து அவளுக்கும் ஒரு வழி பார்க்கலாம். அரசுப் பள்ளியில் கலந்தாய்வு வந்தால்தான் பேச்சு. எனக்கோ சில வருடங்களுக்கு ஒருமுறை உத்தரவு வரும். குருமனையின் கட்டில், பெஞ்சு, மேஜை, மின்விசிறி எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அடுத்த ஐயரிடம் கொடுத்துவிட்டு லாரி ஏற வேண்டும். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், எந்த வீட்டை எங்கள் வீடு என்று சொல்வார்கள் என்ற கேள்விக்கு விடையாக, அவள் பாளையில் இருந்தாள். அவள் சம்பளம் என் சம்பளத்தைவிடப் பெரிது என்பதும் ஊரறிந்த விஷயம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எந்தச் சம்பளத்தில் கட்டப்பட்டது என்று எந்தக் கமிட்டியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஐயரம்மா என்பது விண்ணப்பமும் இல்லாமல், ஊதியமும் இல்லாமல், மறுக்கவும் வழியில்லாமல் ஒரு பெண்ணின் தலையில் விழுகிற வேலை. ஞாயிறு பள்ளிக்கு ஆள் குறைந்தால் அவள். பாடகர் குழுவில் சண்டை என்றால் அவள். பிரசவ வீடு, துக்க வீடு, மாமியார் மருமகள் வழக்கு எல்லாவற்றுக்கும் முன்வாசல் வழியாக வராமல் அடுக்களை வழியாக வருவார்கள். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841இல். 1844இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். அதன் பிறகு பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியும், பெண்கள் கையில் நாலு காசு புரளச் செய்த லேஸ் பின்னல் வேலையும் அந்த அம்மா ஏற்று நடத்தியவை. ஒப்பிலக்கணம் எழுதியவருக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. பின்னல் வேலை சொல்லிக் கொடுத்தவரை இடையன்குடிக்காரர்களைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பேசினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் அந்த நேரத்தில் என் மனதில் கால்டுவெல்லும் இல்லை, எலைசாவும் இல்லை. பூட்டிக் கிடக்கிறது என்ற சொல்தான் சுட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் சபை ஊழியரின் மனைவி வழியாக விஷயம் அவளுக்குப் போய்விட்டது. பகல் முழுக்க அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு வழக்கம்போல எனக்கு வாரத்துக்கான குழம்பு வைத்து, டப்பாக்களில் ஊற்றி, மேலே மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டி, திங்கள், செவ்வாய் என்று பேனாவால் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினாள். அதில் ஒரு டப்பாவில் எப்போதும் கிழமை இருக்காது, ஒரு வீட்டின் பெயர் இருக்கும். கோயிலுக்குப் பின்தெருவில் படுக்கையில் கிடந்த ஒரு பாட்டிக்கு உப்புக் குறைத்துச் செய்த ரசம். திங்கட்கிழமை நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வருவேன். அந்த டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே கேட்டாள்:

“அவர் என்னைப் பற்றித்தானே கேட்டார். நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள்?”

உனக்காகத்தான் பேசினேன் என்றேன்.

“சம்பளம் தராததால்தான் நான் செய்யவில்லை என்று சபைக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்காகவா?”

நான் சம்பளத்தைச் சொன்னது உரிமையைக் குறித்து, உன் மனதைக் குறித்து அல்ல என்று விளக்க ஆரம்பித்தேன். பிரசங்கம் மாதிரி மூன்று தலைப்பு வந்துவிட்டது. அவள் இடையில் நிறுத்தி, “எனக்கு அரசு வேலையில் இருந்த மாப்பிள்ளைகளும் கேட்டு வந்தார்கள். ஐயர் மாப்பிள்ளை என்றபோதுதான் சரி என்றேன். அது ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை” என்றாள்.

கேட்டதில்லை. நானென்ன, யாரும் கேட்டதில்லை. குருத்துவப் படிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, உனக்கு அழைப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அம்மா பண்ணிய பொருத்தனையிலிருந்து, அதாவது கடவுளுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து, தொடங்கினேன். நம் சீமையில் பாதி அழைப்புகள் அப்படித்தான் தொடங்குகின்றன. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாவுக்கு சாமுவேல் என்ற பெயரும் சேர்ந்தது, வெகுநாள் பிள்ளைக்காக ஜெபித்த ஒரு தாயின் கதையோடுதான் சொல்லப்படுகிறது. அந்த சாமுவேலே 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தாயின் பொருத்தனையைச் சாட்சியாக ஏற்றுக்கொள்கிறோம். மகன் மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு அங்கி உடுத்துகிறான். பிறகு அவன் கட்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம், அம்மா உங்களுக்கு ஏதாவது கேட்டதா என்று விசாரிக்க ஒரு குழுவும் இல்லை. 2013இல் நந்தியாலில் நம் தென்னிந்தியத் திருச்சபை ஒரு பெண்ணைப் பேராயராக அபிஷேகம் பண்ணியபோது நானும் பெருமைப்பட்டேன்; அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அதைக் குறிப்பிட்டேன். அந்த ஞாயிறும் எனக்கு வாரத்துக்கான குழம்பு வைத்துவிட்டுத்தான் என் மனைவி தூங்கப் போயிருப்பாள்.

இவ்வளவு எழுதியபின் அவள் பக்கம்தான் நியாயம் என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்கள் இரண்டு பேர் துணிந்து அவளிடமே போய், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றாள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை பஸ்ஸில் நின்று வருகிறேன், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அவர்களும் சிரித்துவிட்டு, சோளப்பொரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் சொன்னதும் இதுதானே என்று அன்றிரவு அவளிடம் கேட்டேன். இல்லை என்றாள். முடியாது என்று சொல்வது என்னுடையது, அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்றாள். எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியில் இன்னும் வாதாடுகிறேன்: நான் கமிட்டியில் முரட்டுத்தனமாக மறுத்து வைத்ததால்தான் அவளால் சிரித்துக்கொண்டே மறுக்க முடிந்தது. முன்பே வேலி போடப்பட்ட வயலில் நின்றுகொண்டு, வேலி எதற்கு என்று கேட்பது எளிது.

தலைமையாசிரியர் விஷயம் தனி. வெகுநாள் கழித்து, சபை ஊழியர் வேறு எதையோ பேசும்போது சொன்னார்: அவர் மனைவி கடைசி மாதங்களில் படுத்திருந்தபோது முந்தின ஐயரம்மா தினமும் மத்தியானம் போய் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, தலை வாரிவிட்டு வருவார்களாம். அவர் கமிட்டியில் சங்கம் என்று சொன்னாலும் மனதில் இருந்தது அந்த மத்தியானங்கள்தான் போலும். இது தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று உடனே தோன்றியது. கொஞ்சம் யோசித்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஓர் அம்மா மனமுவந்து செய்ததை அடுத்து வருகிற அம்மாவின் கடமையாக எழுதி வைப்பது நம் சபைகளின் சுபாவம். அதை யாராவது ஓரிடத்தில் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் மனைவியை இழந்த ஒருவரின் முகத்துக்கு நேரே சம்பளக் கணக்குப் பேசித் தடுக்க வேண்டுமா என்று கேட்டால், பதில் வரவில்லை. அந்தச் சேகரத்தை விட்டு வரும்போது அவர் சால்வை போட்டார். நானும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இடத்தில் நான் பலமுறை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். வீட்டை நடத்துவது என்றால் வீட்டுக்காக வாய் திறப்பது என்றே அதுவரை வைத்திருந்தேன். இப்போது அந்தப் பகுதி வந்தால் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். அவளுக்குப் பணி இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டுக் குருமனைக்கே வந்துவிடலாமா என்று போன மாதம் கேட்டாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தக் கமிட்டிக்கு நான் சொன்னது பின்னால் வந்து நிற்கும்போல இருந்தது. வந்துவிடு என்றால் சம்பளமில்லாத வேலைக்கு நானே ஆள் எடுத்தது போலாகும். வேண்டாம் என்றால் இரண்டாவது முறையும் அவளுக்குப் பதிலாக நான் மறுத்தவன் ஆவேன். உன் விருப்பம் என்றேன். அது பதிலா என்று கேட்டாள். மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம்; விண்ணப்பத்தை நிரப்பித் தேதி போடாமல் தன் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள்.