தட்டு வரை வந்து திரும்பிய முயல்

அன்று காலை என் முயல் பஞ்சுவின் கழிவுத் தட்டைச் சுத்தம் செய்யக் குனிந்தபோதுதான் முதலில் கவனித்தேன். மற்ற நாட்களில் இரண்டு கை நிறைய அள்ளிப் போடும் அளவுக்குப் புழுக்கை கிடக்கும். நலமாக இருக்கும் ஒரு முயல் நாளொன்றுக்கு 200 முதல் 300 வரை போடும். அன்று எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 17. பட்டாணி போல உருண்டு வெளிறியிருக்க வேண்டியவை மிளகளவுக்குச் சுருங்கி, கருத்து, கோணலாகக் கிடந்தன. இரண்டு மூன்று, முடி இழையில் கோத்ததுபோல் ஒன்றோடொன்று தொங்கின.

பஞ்சுவுக்கு அப்போது 4 வயது. வெள்ளை நிறப் பெண் முயல், 2.1 கிலோ எடை. சாப்பாட்டுத் தட்டின் ஓசை கேட்டால் அறையின் எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வந்துவிடும். அன்றும் ஓடி வந்தது. அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது. கொத்தமல்லித் தழையை முகர்ந்தது, ஒரு காம்பை வாயில் எடுத்தது, தாடையை இரண்டு முறை அசைத்தது, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தது, கீழே போட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், "அம்மா, எடுத்து எடுத்துக் கீழே போடுகிறது பாருங்கள்" என்றாள். "பசி இல்லை போலிருக்கிறது, மதியம் தின்னும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். பசி இல்லாத முயல் தட்டுக்கே வராது.

மாலையில் திரும்பியபோது அது மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்கள் பாதி மூடியபடி உட்கார்ந்திருந்தது. வயிற்றைத் தரையோடு அழுத்தி அழுத்திப் படுத்தது, உடனே எழுந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அருகில் போனபோது பல் நறநறவெனக் கடிபடும் ஓசை. தடவிக் கொடுக்கும்போது முயல் மெல்லப் பல் உரசுவது சுகத்தின் அடையாளம். இது வேறு, உரக்க, விட்டு விட்டு வந்தது. வலியில் கடிக்கும் ஓசை. முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் வலியைக் கூடுமானவரை மறைத்துவிடும். நமக்குத் தெரியும்படி அது வாடிப்போய் உட்கார்ந்தால், உள்ளே வெகுநேரமாகத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள்.

நாயோ பூனையோ ஒருநாள் சாப்பிடாமல் இருந்தால் பார்த்துக்கொண்டு இருக்கலாம், முயலிடம் அப்படி இருக்க முடியாது. அதன் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தின்ற புல் அங்கேதான் நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் அசையும். வரத்து நின்றால் அசைவு மந்தமாகும், உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகும், வாயு சேரும், வாயு சேர்ந்தால் வலி, வலித்தால் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் உடல் தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கி, அது கல்லீரலில் போய்ச் சேர்கிறது. எனவேதான் 10, 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை அவசர நோயாளி என்றே கொள்ள வேண்டும். காலை 7 மணியிலிருந்து கணக்கிட்டால் பஞ்சு அந்த எல்லைக்கு வந்துவிட்டிருந்தது. இரவில் தின்றதா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் போன கால்நடை மருத்துவமனைக்குப் பெரும்பாலும் நாய்களும் பூனைகளும்தான் வருகின்றன. அங்கிருந்த மருத்துவர் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, நாளை வரை பார்க்கலாம் என்று சொல்லி, ஒரு வைட்டமின் சொட்டு மருந்தும் வாய்வழியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பும் எழுதிக்கொடுத்தார். அது பென்சிலின் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று முன்பு படித்திருந்தேன். மருந்தைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டு, முயல்களை வழக்கமாகப் பார்க்கும் இன்னொரு மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அதைக் கொடுக்காதீர்கள், இப்போதே கொண்டுவாருங்கள்" என்றார். முயல் வளர்ப்பவர்கள் தங்கள் முயல் நன்றாக இருக்கும்போதே இப்படி ஒரு மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்குத் துடிக்கும் உயிரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தேடும் வேலை அல்ல அது.

அவர் பஞ்சுவைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "சாப்பிட வருகிறதா, அல்லது வரவே இல்லையா?"

நான் யோசிப்பதற்குள் மகள் சொன்னாள்: "காலையில் வந்தது டாக்டர். எடுத்துக் கீழே போட்டது. தலையைச் சாய்த்தது." அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம் பஞ்சுவின் மோவாயை விரலால் நீவினார். அங்கே முடி ஈரமாக, திரிதிரியாக ஒட்டியிருந்தது. முன்னங்கால்களின் உட்பக்கத்திலும் அப்படியே. ஒரு வாரமாக அந்த ஈரத்தை நான் துடைத்துவிட்டிருக்கிறேன், தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தை நனைத்துக்கொள்கிறது என்று நினைத்து. அது எச்சில். வாய் வலித்து வடிந்த எச்சிலை அது தன் கையால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

காது பார்க்கும் கூம்புக் கருவியையே வாய்க்குள் விட்டு அவர் எனக்கும் காட்டினார். முயலுக்கு 28 பற்கள். நாம் வெளியே பார்ப்பது முன்பற்களை மட்டும்தான்; கடைவாய்ப் பற்கள் ஆழத்தில், கன்னச் சதைக்குப் பின்னே ஒளிந்திருக்கின்றன. எல்லாமே ஆயுள் முழுவதும் வளர்பவை. இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் முள் போன்ற ஒரு கூர்முனை நாக்குப் பக்கமாக வளர்ந்திருந்தது. நாக்கின் ஓரத்தில் சிவந்து குழிந்த ஒரு கீறல். விளக்கின் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது என் நாக்கே கூசியது. பசி போகவில்லை. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த முள் குத்தியிருக்கிறது. வலியால் தீனி குறைய, தீனி குறைந்ததால் குடல் நின்றிருக்கிறது.

ஆனாலும் அன்றிரவு பல்லைத் தொட முடியாது என்றார். முயலின் உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பஞ்சுவுக்கு 37.4. அந்த நிலையில் மயக்க மருந்தைத் தாங்காது. முதலில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார். குடல் மந்தமாக இருக்கிறதா அல்லது எங்காவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் குடலை முடுக்கும் மருந்தையும் உணவையும் கொடுக்கக் கூடாது; அடைப்பு இருக்கும்போது ஊட்டினால் இரைப்பை மேலும் உப்பிவிடும். நல்லவேளை, அடைப்பு இல்லை. தோலுக்கடியில் வெதுவெதுப்பான திரவம், வலிக்கு ஊசி, குடல் அசைவுக்கு மருந்து. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் ஒரு மணி நேரம் படுக்க வைத்து வெப்பம் ஏறிய பிறகே ஊட்டத் தொடங்கச் சொன்னார். வலியைக் குறைப்பதுதான் முதல் மருந்து என்பதை அவர் மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

ஊட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இரவில் நான் அதைத் தவறாகச் செய்தேன். நோயுற்ற முயல்களுக்கென்று விற்கும் நார்ச்சத்துத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டேன். முன்னாலிருந்து வாய்க்குள் வைத்து அழுத்தினேன். மறுபக்கக் கடைவாயில் அத்தனையும் வழிந்து கழுத்து முடி பச்சைக் களிம்பானது, பஞ்சு தும்மியது, எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேகமாக அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மறுமுறை மருத்துவர் காட்டியபடியே செய்தேன். வழுக்காத தரையில் உட்கார்ந்து, துண்டில் தலை மட்டும் தெரியச் சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி மடியருகே அணைத்துக்கொண்டேன். மல்லாத்தவே கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கிறது. பக்கவாட்டில் உதட்டைத் தூக்கினால் சிரிஞ்சின் நுனி அங்கே இயல்பாக நுழையும். அரை மில்லி விடுவது, மெல்லும் வரை காத்திருப்பது, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த அரை மில்லி. 20 மில்லி கொடுக்க 40 நிமிடம் ஆனது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 6 வேளை. இந்த அளவு பஞ்சுவின் எடைக்காக மருத்துவர் சொன்னது; உங்கள் முயலுக்கு உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டில் மகள் கோடு போட்டுக் கொடுத்தாள்: நேரம், ஊட்டிய அளவு, மருந்து, புழுக்கை, எடை. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து எடை பார்த்தோம். முதல் நாள் 1.97 கிலோ, மறுநாள் 1.94. புழுக்கை என்ற கட்டத்தில் வரிசையாகச் சுழியம். அந்தச் சுழியங்களைப் பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்கும். காதை அதன் விலாவில் வைத்துக் கேட்பேன். முதல் நாள் கிணறு வற்றியதுபோல் ஓர் அமைதி. இரண்டாம் நாள் மாலையில் எங்கோ ஒரு சின்னக் குமிழ் உடைந்தது. அன்றிரவு 2 மணி வேளைக்கு விளக்கைப் போட்டபோது துண்டின் மேல் மூன்று புழுக்கைகள். கருத்து, சளி பூசினாற்போல். உறங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே நோட்டை வாங்கி, 3 என்று எழுதினாள்.

இந்த இரண்டு நாட்களுக்குள் பலர் பல வைத்தியம் சொன்னார்கள். அன்னாசிச் சாறோ பப்பாளியோ கொடுத்தால் வயிற்றில் உள்ள முடி உருண்டை கரைந்துவிடும் என்பது அதில் அதிகம் கேட்டது. அவற்றிலுள்ள நொதிகள் முடியைக் கரைப்பதில்லை. முயல் தன்னை நக்கும்போது முடி வயிற்றுக்குள் போவது இயல்பு. குடல் ஓடிக்கொண்டிருந்தால் அது தானே வெளியேறும். நின்ற குடலுக்குச் சர்க்கரை நிறைந்த சாற்றை ஊற்றினால் வாயுதான் கூடும். அன்பால்தான் சொன்னார்கள் என்று தெரியும், ஆனால் நான் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பல்லைத் தேய்க்க அழைத்துப் போனோம். மனிதர்களைப்போல முயலை அறுவைக்கு முன் பட்டினி போடக் கூடாது. வாந்தி எடுக்காது என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. காலை 6 மணி வேளையை வழக்கம்போல ஊட்டினேன். மயக்கம் கொடுத்து, அந்தக் கூர்முனையைத் தேய்த்துச் சமன்செய்தார். வெட்டுக்கருவியால் பல்லை நறுக்கினால் பிளந்துவிடும் என்பதால் தேய்ப்பதே முறை என்றார். மயக்கம் தெளியும் வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தவுடன் தின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நாக்குப் புண் ஆற வேண்டுமே. வலிமருந்தும் ஊட்டலும் மேலும் நான்கு நாள் தொடர்ந்தன. இரண்டாம் நாள் ஈரத் தழையை மென்றது. மூன்றாம் நாள் ஊட்டத் துண்டை விரித்ததும் என்னிடமிருந்து ஓடி மேசைக்கடியில் புகுந்துகொண்டது. அந்த ஓட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த வேளை ஊட்டலை அரைமணி தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் உலர்புல்லில் ஓர் இழையை இழுத்து, நுனியிலிருந்து அடி வரை, தாடை இடம்வலமாக ஆட ஆட, நிறுத்தாமல் தின்றது.

அந்த இடம்வல அசைவில்தான் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. நீண்ட புல்லை அரைக்கத்தான் அது தேவைப்படுகிறது. பெல்லட் என்னும், அழுத்திச் செய்த சிறு குச்சித் தீவனத்தை நொறுக்கிவிட்டு விழுங்கிவிடலாம். நான் நான்கு ஆண்டுகளாகக் கிண்ணம் நிறையப் பெல்லட்டும், ஓரமாக ஒரு பிடி உலர்புல்லும் வைத்துவந்தேன். விரும்பித் தின்கிறதே என்ற அன்பில் செய்ததுதான். இப்போது உலர்புல் எந்நேரமும் அதன் உடலளவுக்குக் குவிந்திருக்கிறது. பெல்லட் நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி. பிறவியிலேயே தாடை அமைப்பு சரியில்லாத முயல்களுக்குப் புல் கொடுத்தாலும் முள் வளரும் என்றார் மருத்துவர். பஞ்சு எந்த வகை என்பது போகப் போகத்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை பார்த்தாயிற்று, லேசான முனை இருந்தது, தேய்க்கும் அளவுக்கு இல்லை.

நோட்டு இன்னும் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் காலையில் மோவாயைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூடையில் உட்கார வைக்கிறோம். இன்று 2.08 கிலோ. நேற்றைவிட 20 கிராம் குறைவு. தழையைக் கீழே போடவில்லை, மோவாயும் உலர்ந்துதான் இருக்கிறது. என்றாலும் மாலையில் இன்னொரு முறை எடை பார்க்க வேண்டும் என்று மகள் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.