வெள்ளைக்கொடி இறக்குமுன்

அப்பா தவறி ஐந்தாம் நாள். ஒழுங்கை முகப்பில் கட்டிய வெள்ளைக்கொடி மழையில் நனைந்து கம்போடு ஒட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது, எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. சத்தத்திலேயே ஆள் யாரென்று விளங்கிவிட்டது. வீட்டுக்காரர் தானாக வெளியே வரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பது எங்கள் தொழில் பழக்கம், ஆறு வருடம் நானும் அப்படி நின்றவன்தான்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு சிறுகடன் கம்பனியில் கலெக்‌ஷன் ஒபிசர் வேலை. கிரான், வாகரைப் பக்கம் என் ரூட். கிழமை நாட்களில், கடன் எடுத்த பெண்கள் ஊரில் ஒன்றுகூடித் தவணை கட்டும் சென்டர் கூட்டம், சனிக்கிழமை நிலுவைக்காரர் வீடு. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் கிடந்த பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எங்கள் மாவட்டமும் அதில் இருந்தது. ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சென்டர்களில் "இனிக் கட்டமாட்டம்" என்று குரல் எழும்பத் தொடங்கியதும் மனேஜருக்கு நித்திரை போய்விட்டது. சாவு வீடுகளையும் விடவில்லை.

"எட்டாம் நாள் சடங்குக்கு முதல் போ தம்பி," என்பார். "கட்டாரில நிக்கிறவன், கொழும்பில நிக்கிறவன் எல்லாம் அப்பதான் வீட்டில இருப்பான். எட்டு முடிஞ்சா ஒருத்தரையும் பிடிக்கேலாது."

அந்த வருடம் வாகரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். தாய் இறந்து நான்கு நாள். ஒரு தவணையும் பிந்தாத மனிசி. மகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், அடுப்படியில் இருந்து சாம்பல் கையோடு வந்தாள். "சும்மா ஒரு கையெழுத்துத்தான் தங்கச்சி. அம்மாட பேரில இருக்கிறத உங்கட பேருக்கு மாத்துறம், தவணையையும் குறைச்சுத் தாறம்" என்றேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பேனையை வாங்கி, நான் காட்டிய இடத்தில் எல்லாம் வைத்தாள்.

இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தோடுதான் நிற்கும். பிணைக் கையெழுத்து வைக்காத பிள்ளை தன் உழைப்பில் இருந்து கட்ட வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்து விழும்வரை அவள் எங்களுக்கு ஒரு ரூபாயும் கடனாளி இல்லை. அதுபோக, கடன் கொடுத்த நாளிலேயே காப்புறுதி என்று கழித்த காசு தாயின் பாஸ்புத்தகத்தில் எழுதியே கிடந்தது, மரணச் சான்றிதழைக் கொடுத்திருந்தால் மிச்சக் கடன் அதில் தீர்ந்திருக்கும். ஆனால் அது வந்து சேர மாதக்கணக்காகும், அதுவரை என் பட்டியலில் நிலுவையாக நிற்கும், என் கொமிஷன் போகும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதினால் வசதியாக இருக்கும். தெரியும்.

சரி, எங்கள் வாசலுக்கு வருகிறேன். வந்தவன் என்னைவிட இளம் பொடியன், வேறு கம்பனி. அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துக்கொண்டே ஓட்டுக் கூரையையும் பிரிட்ஜையும் பார்த்தான், எவ்வளவு தேறும் என்ற அந்தப் பார்வையை நான் பழகியிருக்கிறேன். "வீடு யார்ர பேரில அண்ணன்?" என்றான். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான், இது அக்காவின் சீதனம். எழுத்துப்படி பார்த்தால் அப்பா கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்த மனிசன், விட்டுப்போனது ஒரு சைக்கிளும் மண்வெட்டியும். அதற்குப் பிறகுதான் அவன் பைலைத் திறந்தான்.

"சும்மா ஒரு கையெழுத்துத்தான் அண்ணன்."

சொல்லுக்குச் சொல் அதே வசனம். இதை யார் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பேன். பேனை என் கைக்கு வந்துவிட்டது, அதுதான் எனக்கே வெட்கம். வீட்டில் சனம், அம்மா உள்ளே அழுகிறாள், இவன் போனால் போதும் என்றிருந்தது. அப்புறம் பேனையை அவன் பைலின் மேல் வைத்துவிட்டு, ஒப்பந்தத்தின் பிரதியும், அப்பா இறந்த திகதி வரைக்குமான கணக்கும், காப்புறுதி விபரமும் எழுத்தில் கேட்டேன். பொடியன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் எந்தக் கம்பனி?"

அப்பாவின் கடனுக்குப் பிணை வைத்தது மாமா. கடன்காரன் செத்தாலும் பிணைகாரனை விடமாட்டார்கள், அதனால் நாங்கள் சும்மா இருக்க முடியவில்லை. மரணச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். காப்புறுதியில் தீர நான்கு மாதம் எடுத்தது. அப்பா உயிரோடு இருந்தபோது விட்ட இரண்டு தவணை அதில் சேராது என்றார்கள், மாமாவுக்காக அதை நான் கட்டினேன். காத்தான்குடி உரக்கடைக் காக்கா செத்த வீட்டுக்கு வந்துபோனவர், கடன் என்று வாயே திறக்கவில்லை. அப்பாவின் கொப்பியைப் பார்த்து நாங்கள்தான் போனோம். அவருடைய கணக்கில் அதைவிடக் குறைவாக இருந்தது. "ஆவணியில கொஞ்சம் தந்தவர் மனே, எழுத மறந்திருப்பார்" என்றார்.

வேலையை விட்ட பிறகு ஒருநாள் வாகரைக்குப் போனேன். அவள் எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தாள். பாஸ்புத்தகத்தை எடுத்துக் காட்டினாள், கிழமைக்குக் கிழமை என்னுடைய கையெழுத்து. காப்புறுதி விசயத்தைச் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் காசு திரும்பி வருமா அண்ணன்?" என்று கேட்டாள். அங்கேயே இருந்து அவளுக்காக ஒரு கடிதம் எழுதி, என் பழைய ஆபீசுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினதற்கு ஒரு சீல் கேட்டேன். சீல் மனேஜரின் அறையில் இருக்கிறது, மனேஜர் இல்லை என்றார்கள்.

நாளைக்குத் திரும்பவும் போக வேண்டும்.