அவர்கள் தர வேண்டிய சான்றிதழை என்னிடம் கேட்டார்கள்

விருது கிடைத்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே நான் புலம்பியிருப்பதைப் படித்துவிட்டு, நமக்கு ஏன் இந்த வம்பு என்று யாராவது ஒதுங்கிவிடக்கூடும்.

நான் படித்த பல்கலைக்கழகத்துக்குத் துணையாக ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. நிதி திரட்டி உதவித்தொகை, விடுதிக் கட்டணம் என்று செலவிடுகிறார்கள். ஆண்டுதோறும் கொடையாளர்கள் சிலருக்கும் பொதுவாழ்வில் முன்னின்றவர்கள் சிலருக்கும் கௌரவ விருது தருவது வழக்கம். பெரும்பாலும் மில் அதிபர்கள், மருத்துவமனை முதலாளிகள். 2023 ஏப்ரலில் பரிந்துரை கேட்டு அறிவிப்பு வந்தபோது, என்னைப் படிக்கவைத்த ஐயாவின் பெயரை ஏன் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. கடைசி நாள் மே 31.

ஐயாவுக்கு ஏற்காட்டில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தாலும் வந்தார், ஏற்காட்டில் தோட்டம் என்றாலே துரை பங்களா என்றுதான் கீழே இருப்பவர்கள் இன்னும் நினைக்கிறார்கள். ஐயாவுடையது ஓட்டு வீடு. வாசலில் காப்பி காயவைக்கும் களம், பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவ்வளவுதான். அந்த வருமானத்தில்தான் மலைக் கிராமப் பிள்ளைகளுக்கும் சேலத்துப் பிள்ளைகள் சிலருக்கும் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அவர் தோட்டத்து மூட்டையை ஏற்றிப் போகும் லாரியில் என் அப்பா கிளீனராக இருந்தார். நான் முதுகலை படித்தது அந்தக் காப்பியில்தான்.

படிவம் நிரப்புவது பெரிய வேலையில்லை. இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் ஒரே வாரத்தில் கிடைத்தன. சிக்கல் ஐந்தாவது பத்தியில் இருந்தது: 'நன்கொடைக்கான ஆதாரம், 80ஜி ரசீதுகளுடன்.'

ஐயா கொடுத்தது மாணவர் பெயரிலேயே வங்கியில் கட்டிய கட்டணம். 80ஜி என்பது அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கான வரிச்சலுகைப் பிரிவு. தனி ஆளுக்குச் செய்யும் உதவிக்கு அது கிடையாது. இதை விளக்கலாம் என்று, சேலத்திலிருந்து மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் அறக்கட்டளை அலுவலகத்தில் நின்றேன். எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரசீது இல்லாத கொடை எங்கள் கணக்கில் கொடை இல்லை அம்மா" என்றார். கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். விடுமுறையில் இருக்கிறாராம். தொலைபேசியில் கேட்டிருந்தால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். நான்கு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை என்பது வேறு கதை.

பரிந்துரைக்கு ஐயாவின் ஒப்புதல் கையெழுத்து வாங்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். கோடை விழா நடக்கிறது என்பதை அடிவாரம் சோதனைச்சாவடியில் வண்டிகள் வால்பிடித்து நின்றபோதுதான் உணர்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளை அன்று ஏறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே போனால் வீடு பூட்டியிருந்தது. ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இறங்கும் வண்டிகளையெல்லாம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டதால், வீடு வந்து சேர்ந்தபோது இரவு எட்டரை. மே மாதத்தில் மலையில் யாரிடமாவது கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால், வார நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

இரண்டாவது முறை ஐயா இருந்தார். ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்கியவர், படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கொடுத்ததைச் சொல்லிக்காட்டச் சொல்கிறாயா, கண்ணு?"

இதற்கு நான் பதில் தயாரித்துக்கொண்டு போகவில்லை. அம்மாதான் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, "பிள்ளை இரண்டு தடவை மலை ஏறி வந்திருக்கிறாள். வெறுங்கையோடு அனுப்புவீர்களா?" என்றார். கையெழுத்து விழுந்தது. அம்மா அதோடு விடவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை. உள்ளே நூலால் கட்டிய சலான் அடிக்கட்டைகள், ஆண்டுவாரியாக. வங்கியின் ஊதா முத்திரை சிலவற்றில் மறைந்தே போயிருந்தது. அடியில் ஒரு நீள நோட்டு. 'தொழு உரம் 2 லோடு', 'களை எடுப்பு கூலி' என்ற வரிகளுக்கு நடுவே, 'விடுதிப் பணம், இரண்டாம் தவணை' என்று பிள்ளைகளின் பெயர்கள். என் பெயரும் இருந்தது. மேல்வரியில் பம்புசெட் பழுது. அந்த மாதம் என்னால் அவருக்கு எவ்வளவு இடித்திருக்கும் என்று கூட்டிப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

சலான்களுக்குள் ஒரு காசோலை நகலும் இருந்தது. முந்தைய நவம்பரில் அதே அறக்கட்டளைக்கு ஐயா இருபத்தைந்தாயிரம் அனுப்பியிருக்கிறார்! இனி யார் மறுக்க முடியும் என்ற தைரியத்தில் மறுபடியும் மூன்றரை மணி நேரப் பயணம். எழுத்தர் காசோலை நகலைப் பார்த்தார். "இது செல்லாது. 10பிஇ சான்றிதழ் கொண்டுவாருங்கள்" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. முந்தைய நாளே எங்கள் பள்ளி ஆடிட்டரிடம் பாடம் கேட்டுவிட்டுப் போயிருந்தேன். அப்போதைய விதிப்படி 10பிஇ என்பது கொடுத்தவர் கொண்டுவரும் காகிதம் அல்ல. நன்கொடை பெற்ற நிறுவனம் வருமான வரித்துறையிடம் 10பிடி என்ற நன்கொடை விவர அறிக்கையைத் தாக்கல் செய்து, நிதியாண்டு முடிந்த அடுத்த மே 31-க்குள் கொடையாளருக்குத் தர வேண்டிய சான்றிதழ். "சார், அதை நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும். இன்னும் எட்டு நாள் இருக்கிறது" என்றேன். விடுமுறை முடிந்து வந்திருந்த கண்காணிப்பாளர் பக்கத்து மேசையில் தலைநிமிர்ந்தார். பத்து நிமிடத்தில் நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. சலான்களையும் இணைப்பாக ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஒரு விவரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கவுண்ட்டரில் உங்கள் குரலே மாறிவிடும்.

பிறகு முன்னெழுத்துச் சிக்கல். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருந்தது, பான் அட்டையில் ஓர் எழுத்து, சலான்களில் அதுவும் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்ததும் தீர்ந்தது.

ஜூனில் ஒரு தொலைபேசி. ஐயாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தயாராக இருக்கிறதாம், 'பதிவுக் கட்டணம்' மட்டும் அனுப்பினால் போதுமாம். பேசியவர் அறக்கட்டளை ஆள் இல்லை. எங்கிருந்தோ பெயரும் எண்ணும் போயிருக்கின்றன. அந்தப் பிப்ரவரியில்தான் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு திரைப் பிரபலங்களுக்குப் போலிப் பட்டம் வழங்கி, விஷயம் போலீஸ்வரை போனது. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. அறக்கட்டளை தருவது விருது மட்டுமே. அதற்குப் பணம் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் அழைப்பிதழில் ஐயாவின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சிட்டுவிட்டார்கள், வேறு யார், அறக்கட்டளைக்காரர்களேதான். மேடைப் பலகையிலும் அதே. நான் போய்ச் சண்டை போட்டு, பலகையில் அந்தச் சொல்லின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டவைத்தேன். பத்து மணி விழா சிறப்பு விருந்தினருக்காகப் பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. விடியற்காலையிலேயே மலையிலிருந்து இறங்கிய ஐயா, பசி தெரியாதவர்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சால்வை, கேடயம், ஒரு நிமிடக் கைத்தட்டல். முதியவர்களை அழைத்துப் போனால் கையில் இட்லிப் பொட்டலம் இருக்கட்டும்.

ஒரு தவறு மட்டும் என்னுடையது. நகலில் முத்திரை தெரியவில்லை என்று எழுத்தர் சொன்னதால், மூன்று சலான்களை அசலாகவே கொடுத்துவிட்டேன். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கவில்லை. விழா முடிந்து நான்கு மாதமாகிறது. கோப்பு அறக்கட்டளையின் ஆடிட்டரிடம் இருக்கிறது என்கிறார்கள், அந்த ஆடிட்டரைக் கேட்டால் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார். போன வாரம் ஐயா அழைத்தார். கேடயத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "அந்த மூன்று சலானும் வந்துவிட்டதா, கண்ணு? டப்பாவில் அந்த வருஷம் காலியாக இருக்கிறது" என்றார்.

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.