டப்பாவும் உளுந்தஞ்சோறும்

பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கும் என் தம்பி போன வாரம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்லே வேணும்?" என்றேன், முழித்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கு, 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். 100 கிராம் உளுந்திலேயே 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, ஆனால் அம்மா பொங்கிவைக்கும் உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் ஒதுக்கிவிட்டு ராத்திரி சால்னாவில் பரோட்டாவை ஊறப்போடுகிற ஆள் இவன் (சால்னாவைக் குறை சொல்லமாட்டேன், நானும் அந்தக் கட்சிதான்). சரி என்று டப்பாவைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று காட்டினேன். 100 கிராம் கணக்கைத்தான் ஒரு கரண்டிக்கு என்று நினைத்திருக்கிறான். "அண்ணே, வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்கிறான்.