கண்ணாடியில் படிந்த பச்சை

அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் நீர் மாதிரி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட பாதுகாப்பு முறைகள் அனைத்தும் கையையும் வாயையும் பற்றியவையாகவே இருந்தன. கையுறை இல்லாமல் நீரைத் தொடக்கூடாது, படகில் எதையும் தின்னக்கூடாது, கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 2014 ஆகஸ்டில் அந்த ஏரிநீரைக் குடிக்கும் டொலிடோ நகரின் குடிநீரில் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு கலந்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய மூன்று நாட்கள் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்ததும், கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்று மக்களை எச்சரிக்க வேண்டி வந்ததும் எங்கள் வேலையில் இருந்தவர்களின் மனத்தில் ஆழப் பதிந்திருந்தன. அதனால் அச்சமெல்லாம் குடிப்பதைச் சுற்றியே நின்றது.

மாமீ ஆறு விளைநிலங்களிலிருந்து அடித்துவரும் பாஸ்பரஸில் கொழுத்து வளரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற அந்த நஞ்சுப் பாசி, தன் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகளைக் கொண்டிருப்பதால், காற்றில்லாத காலைப் பொழுதில் மேலே மிதந்து வந்து பாலாடைபோல் படியும். நண்பகலுக்குப் பிறகு காற்று எழுந்து, படகு அலைகளை வெட்டிக்கொண்டு விரையும்போது அந்த ஆடை உடைந்து திவலைகளாக முகத்தில் அடிக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், காய்ந்துபோன பச்சைப் புள்ளிகள் கடுகு தூவியதுபோல் ஒட்டியிருக்கும். இரவில் தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், வறட்டு இருமல் வரும். மகரந்த ஒவ்வாமை என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொள்வேன். ஒருநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "தண்ணீரைக் குடித்துவிடவில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடியில் படிந்தது மூக்குக்குள் மட்டும் படியாமல் போயிருக்குமா? அதன் பிறகே இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பெரிய திவலைகள் மூக்கிலேயே தங்கிவிட, மிக நுண்ணியவை நுரையீரல்வரை செல்கின்றன. கல்லீரல் செல்களில் புரத பாஸ்பட்டேஸ் நொதிகளை முடக்கும் இந்த நஞ்சு, எலிகளில் நடந்த ஒரு சோதனையில், வாய்வழியாகக் கொல்லத் தேவைப்பட்ட அளவில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு மூக்கில் செலுத்தப்பட்டபோதே அவற்றைக் கொன்றது. 2018இல் தென் புளோரிடாவில் பாசி பெருகியிருந்தபோது பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரின் மூக்கில் மைக்ரோசிஸ்டின் இருந்தது. மூக்கில் இருப்பதாலேயே நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. என் இருமலுக்குப் பாசிதான் காரணம் என்று நானும் சாதிக்க மாட்டேன். ஆனாலும் ஆஸ்துமா உள்ள ஒருவரை அந்தப் படகில் ஏற்ற இன்று என் மனம் ஒப்பாது.

இப்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படகை நிறுத்துகிறோம். ஆடை படிந்த இடங்களில் வேகத்தைக் குறைக்கிறோம். என்95 முகக்கவசமும் அணிகிறேன், ஆகஸ்ட் வெயிலில் அது பெரும் கொடுமை என்றாலும். ஒவ்வொரு மாதிரியோடும் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் முதல் கோடையிலிருந்தே படிவத்தில் குறித்து வந்திருக்கிறேன். அவை ஏரியைப் பற்றிய தகவல்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.