கொல்லிமலை ஏத்தத்துல திணறுன ஆம்னி, சென்சார் மேல விழுந்த பழி

கொல்லிமலை போற ஐடியா இருந்தா, அதுவும் பழைய வண்டில, இத ஒரு தடவ படிச்சிட்டு கிளம்புங்க. காரவள்ளி அடிவாரத்துலேர்ந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. எங்களோடது 2014 மாடல் ஆம்னி, 796 சிசி, மூணு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம, கம்ப்யூட்டர் பாத்து பெட்ரோல் அடிக்கிற வகை). ஆளு ஃபுல்லு, பின்னாடி பை, பாத்திரம், அடுப்பு எல்லாம் இருந்துச்சு.

பாதி வளைவு கூட தாண்டல, பிக்கப் சுத்தமா இல்ல, செகண்ட்ல இழுக்க வேண்டிய எடத்துல ஃபர்ஸ்ட்லயே முக்குது, செக் இன்ஜின் லைட்டு வேற எரியுது, பின்னாடி கருப்பா புகை. மலையில காத்து அடர்த்தி கம்மி, பவர் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனா அதுக்கு புகை வராது. இதே லைட்டுக்காக கொஞ்ச நாள் முன்னாடிதான் ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல புது ஆக்சிஜன் சென்சார் (வெளிய போற புகையில எவ்ளோ ஆக்சிஜன் மிச்சம்னு பாக்குறது) மாட்டி ஆயிரக்கணக்குல வாங்கியிருந்தாங்க. மாட்டியும் திரும்ப அதே லைட்டு, அதனால மேல ஏறாம, திருப்பி ஃபர்ஸ்ட் கியர்லயே இறக்கி நாமக்கல் வந்துட்டோம்.

நாமக்கல் லாரிக்காரங்க ஊரு, பாடி கட்டுற பட்டறை, லேத்து, வெல்டிங்னு எந்த வேலைக்கும் ஆளு கிடைக்கும். அங்க ஒரு அண்ணன் ஸ்கேனர் மாட்டி பாத்தாரு, பி0171, அதாவது லீன், பெட்ரோல் பத்தல காத்து ஜாஸ்தின்னு கோடு. ஆனா பிளக்க கழட்டுனா மூணும் கரி புடிச்சு கன்னங்கரேல்னு இருக்கு, அது பெட்ரோல் ஜாஸ்தியா எரியறதுக்கு அடையாளம். ரெண்டும் எதிரெதிரா இருக்கேன்னு நான் கேக்க, "காலைல ஸ்டார்ட் பண்றப்ப டிக் டிக்னு சத்தம் வந்து, சூடானதும் அடங்குதுங்களா?"ன்னாரு. ஆமாண்ணே, அப்படியேதான்.

முன் சீட்ட தூக்கி (ஆம்னில இன்ஜின் அதுக்கு கீழதான்) டார்ச் அடிச்சு காட்டுனாரு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின்லேர்ந்து புகைய வாங்குற மொத பைப்பு) இன்ஜின் ஹெட்டோட சேர்ற எடத்துல விரல் அகலத்துக்கு கரிக்கோடு, அத புடிச்சிருக்க ஒரு ஸ்டட்டு (திருகாணி) ஒடஞ்சு நட்டே இல்ல. சோப்புத் தண்ணி ஊத்தி, ஐடில்ல ஓடவிட்டு, சைலன்சர் வாய ஒரு நொடி துணியால அமுக்குனாரு, அந்த எடத்துலேர்ந்து நுரை பொங்கிட்டு வந்துச்சு.

நடந்தது என்னன்னா, புகை விட்டு விட்டுதான் வெளிய போகும், ரெண்டு தள்ளலுக்கு நடுவுல பைப்புல அழுத்தம் குறையறப்ப அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போயிடும். சென்சார் அந்த ஆக்சிஜனத்தான் பாக்குது, காத்து ஜாஸ்தின்னு சொல்லுது, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அத நம்பி பெட்ரோல ஏத்திக்கிட்டே போகுது. சென்சார் ஒயர்ல மல்டிமீட்டர் வச்சப்ப ஐடில்ல 0.1 வோல்ட்டுலயே, அதாவது லீன்னே காட்டிட்டு கெடந்துச்சு, ஆக்சிலேட்டர் குடுத்து 2500 ஆர்பிஎம் கிட்ட புடிச்சா 0.1க்கும் 0.9க்கும் நடுவுல ஏறி இறங்குது, அப்படித்தான் ஏறி இறங்கணும். "சென்சாரு நல்லாத்தானுங்க இருக்குது, அதுக்கு தப்பான காத்துதான் போகுது"ன்னாரு. அப்ப பழைய சென்சாரும் நல்லாத்தான் இருந்திருக்கும், அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஆனா என்ன பயமுறுத்துனது காசு இல்ல. அந்த ஓட்டை நாம உக்கார்ற சீட்டுக்கு அடியில இருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல, ஜன்னல ஏத்தி விட்டுட்டு புள்ளைங்களோட மலை ஏறுனா தலைவலி, தூக்கம்னு ஆரம்பிச்சு உசுருக்கே வந்துடும். வண்டில போறப்ப எல்லாருக்கும் ஒண்ணா தலை வலிச்சா அத பித்தம்னு விட்டுடாதீங்க, உடனே ஓரங்கட்டி எல்லாரும் கீழ இறங்குங்க.

ஒடஞ்ச ஸ்டட்ட எடுத்து புதுசு போட்டு, மேனிஃபோல்டு முகத்த லேத்துல சமம் பண்ணி, நடுவுல கசிவ அடைக்கிற கேஸ்கட் புதுசு வச்சு, ஸ்கேனர்ல அந்த பி0171 கோட அழிச்சு குடுத்தாரு. கேஸ்கட்டு சில நூறு ரூபாதான். திரும்ப ஏறுனப்ப செகண்ட்லயே வளைவெல்லாம் எடுத்துச்சு, லைட்டு வரல, மலை மேல இருக்க செம்மேடு போய் சாப்ட்டுட்டு ஆகாய கங்கை அருவிக்கு படி இறங்குனோம்.

சூடாகி ஆறுனதும் கேஸ்கட்டு அமுங்கும், நட்ட இன்னொரு தடவ டைட் வைங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. மறுநாள் காலைல இன்ஜின் சில்லுன்னு இருக்கப்ப ஸ்பேனர் போட்டா நெசமாவே கால் சுத்து ஏறுச்சு. அடுத்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்றது) பாக்கணும், இவ்ளோ நாள் ரிச்சா, அதாவது பெட்ரோல் ஜாஸ்தியா ஓடுனதுல அது அடைச்சிருக்கலாம்.